ஆறாத பெட்டி

நவம்பர் 6

தம்பிக்கு,

போன் பண்ணினால் நீ எடுக்க மாட்டாய். எடுத்தாலும் நான் என்ன பேசுவேன் என்று எனக்கே நிச்சயமில்லை. அதனால்தான் மெயில். பாப்பா தூங்கிவிட்டாள். உன் மாமாவுக்கு ஆஸ்பத்திரி லேபில் நைட் டியூட்டி, இந்த மாதம் முழுக்க அப்படித்தான்.

விஷயம் உன் கம்ப்யூட்டரைப் பற்றியது. கேம் விளையாடுவதற்காக நீ ஒவ்வொரு பாகமாக வாங்கிவந்து, எங்கள் படுக்கையறை மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பூட்டினாயே, அந்தக் கறுப்புப் பெட்டி. போகும்போது பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று விட்டுப் போனாய். "வித்துடுங்க, இல்ல தூக்கிப் போடுங்க" என்று வாசலில் நின்று சொன்னாய். இரண்டையும் நான் செய்யவில்லை. பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே. பாப்பாவுக்கு ஒரு வயது ஆகும்வரை ஆபீசில் எனக்கு வீட்டிலிருந்தே வேலை கொடுத்திருக்கிறார்கள். கட்டப் போகும் கட்டடங்களைக் கட்டி முடித்த மாதிரி முப்பரிமாணத்தில் வரைந்து காட்டும் வேலைக்கு என் லேப்டாப் தாங்காது. உன் பெட்டி தாங்குகிறது.

தாங்கியது என்று சொல்ல வேண்டும். போன வாரத்திலிருந்து மறுபடி அதே கதை. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே படக்கென்று அணைந்துவிடுகிறது. திரும்பப் போட்டால், அதிகச் சூடு என்று ஒரு வரி எச்சரிக்கை. செப்டம்பரில் வந்த அந்த வாடையும் வருகிறது, பிளாஸ்டிக் கருகுவதும் மீன் கெட்டதும் கலந்த மாதிரி. அந்த வாடை வந்த அன்று நான் உன்னைச் சொன்ன வார்த்தைகளை இப்போது இழுக்கப் போவதில்லை. நீயும் இழுக்காதே.

இருபதாம் தேதி ஒரு குடியிருப்பின் படங்கள் முழுவதையும் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால், "கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு அவங்களால முடியாது சார்" என்று சொல்லக் காத்திருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுது. ஒன்றும் தெரியாதவளுக்குச் சொல்கிற மாதிரி எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அக்கா


நவம்பர் 7

அக்கா,

நீ சொன்னபடி வேறு எதுவும் எழுதவில்லை.

பெட்டியை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கு. பிடுங்கிய பிறகு பவர் பட்டனை ஒருமுறை அழுத்திவிடு, உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் போய்விடும். பக்கத்துக் கண்ணாடி நான்கு ஸ்க்ரூவில் நிற்கிறது, விரலாலேயே கழற்றலாம். கழற்றிய கண்ணாடியை மெத்தை மேல் வை, டைல்ஸ் தரையில் முனை பட்டால் மொத்தமும் கல்கண்டாக உதிர்ந்துவிடும். முன்பக்கத்து வலையை இழுத்தால் கையோடு வரும். அதில் போர்வை மாதிரி தூசி இருக்கும். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டு. ஃபேன் இறக்கைகளைத் துடைக்கும்போது விரலால் பிடித்துக்கொள், சுற்ற விடாதே.

பிறகு கண்ணாடியை மாட்டாமலேயே போட்டுப் பார். ஐந்து ஃபேனும் சுற்ற வேண்டும். முன்னால் இருக்கும் மூன்றும் காற்றை உள்ளே இழுக்கும், பின்னால் ஒன்றும் மேலே ஒன்றும் வெளியே தள்ளும். ஒரு டிஷ்யூ பேப்பரைக் காட்டிப் பார். முன்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும், பின்னால் பறக்க வேண்டும்.

மேஜை குறுகல் என்று பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்திருப்பாய். ஒரு சாண் விலக்கி வை. அதற்கும் மூச்சுவிட இடம் வேண்டும்.

இதில் என் பேச்சை நம்பலாமா என்று நீதான் முடிவு செய்ய வேண்டும். நான் இங்கே ஒரு மொபைல் கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கிறேன். பெட்டிகளைத் திறப்பதை விட்டுவிட்டேன்.

பாப்பா எழுந்து நிற்கிறாளா என்று நான் கேட்கவில்லை.

தம்பி


நவம்பர் 10

தம்பி,

உன் டிஷ்யூ பேப்பரை ஃபேன் தின்றுவிட்டது. புருவம் திருத்தும் இடுக்கியை வைத்துத் துணுக்குத் துணுக்காக எடுத்தேன்.

நீ சொன்ன போர்வை இருந்தது. அதில் பாப்பாவின் முடிகூடச் சுருண்டு கிடந்தது. எல்லாம் துடைத்தேன். ஐந்தும் சுற்றுகின்றன, காற்றும் நீ சொன்ன பக்கமே போகிறது. கண்ணாடியை மாட்டப் போனால் மூன்று ஸ்க்ரூதான் இருக்கிறது. நான்காவதைத் தேடி பாப்பாவின் வாய்க்குள் விரலை விட்டு, டயப்பரை அவிழ்த்துப் பார்த்து, டாக்டருக்குப் போன் பண்ணி, அவர் "எக்ஸ்ரே எடுத்துடலாம்" என்று சொன்னதும் உட்கார்ந்து அழுது, கடைசியில் அது என் நைட்டிப் பாக்கெட்டில் இருந்தது. உன் மாமா சொன்னார்: "கம்ப்யூட்டர விட நீதான் சீக்கிரம் சூடாகுற. உனக்குத்தான் ரெண்டு ஃபேன் மாட்டணும்."

நிற்கிறாள். நாற்காலியைப் பிடித்து எழுந்துவிட்டு, எழுந்துவிட்டோமே என்று பயந்து கத்துகிறாள். எழத் தெரிகிறது, உட்காரத் தெரியவில்லை. நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போது பெட்டி. நேற்று மத்தியானம் பாப்பா தூங்கிய நேரத்தில் இருப்பதிலேயே கனமான படத்தை ஓட்டினேன். முழுக் கட்டடம், மரங்கள், கண்ணாடிச் சுவர், அதில் விழும் வானம், எல்லாம். முனகாமல் செய்து முடித்தது. சரியாகிவிட்டது என்று நினைத்து, உனக்கு நன்றி சொல்லலாமா வேண்டாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தேன். இன்று காலையில் எழுந்து மெயில் மட்டும்தான் திறந்தேன். அணைந்துவிட்டது. வாடையும் வந்தது. ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஹாலில் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் வாடை போய்விட்டது.

ஒரு சாண் விலக்குவது நடக்காது. விலக்கினால் அந்த இடுக்கில் இவள் புகுந்து வயரைப் பிடித்து இழுக்கிறாள். ஒட்டித்தான் வைத்திருக்கிறேன்.

இன்னொரு மாற்றமும் செய்திருக்கிறேன். ஜன்னல் பக்கத்துச் சுவர் மழையில் ஊறிப் பூஞ்சை பிடித்துவிட்டது. பாப்பாவுக்குச் சளி. "ஈரச் சுவர் பக்கத்துல குழந்தையப் போடாதீங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது" என்று டாக்டர் திட்டினார். அதனால் அவள் கட்டிலைப் பெட்டி இருக்கும் சுவர்ப் பக்கமே மாற்றிவிட்டேன். அங்கே ஹவுஸ் ஓனர் பிளைவுட் பலகை அடித்து பெயின்ட் பூசியிருக்கிறார் இல்லையா, அதனால் ஈரமே ஏறவில்லை, அப்பளம் மாதிரி காய்ந்து கிடக்கிறது. நீ பதறாதே. மேஜையிலிருந்து முடிந்தவரை தள்ளித்தான் போட்டிருக்கிறேன். படுக்கப் போகும் முன் பெட்டியின் ப்ளக்கையும் பிடுங்கிவிடுகிறேன். இதைக்கூடப் போனில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா


நவம்பர் 11

அக்கா,

இரண்டு தடவை படித்தேன். ஒருவர் சார்ஜர் கேட்டுக்கொண்டு எதிரில் நிற்பதே தெரியவில்லை.

இது தலைகீழாக இருக்கிறது. கனமான வேலை செய்தால் சூடாகும், சும்மா இருந்தால் ஆறும். உன் பெட்டி மத்தியானம் மலையைச் சுமந்துவிட்டு, காலையில் ஒரு மெயிலைத் தூக்க முடியாமல் விழுகிறது. தூசியோ ஃபேனோ காரணம் என்றால் மத்தியானம்தான் முதலில் விழுந்திருக்க வேண்டும். பிராசஸருக்கும் அதன் தலைமேல் உட்காரும் கூலருக்கும் நடுவே தடவுகிற பசை காய்ந்திருந்தாலும் அப்படித்தான். அந்தப் பசையைச் செப்டம்பரில் நான் திரும்பத் திரும்ப வழித்துவிட்டுத் தடவியது உனக்கு நினைவிருக்கும்.

ஒன்று செய். பெட்டியைப் போட்டவுடனே டெலிட் பட்டனைத் தட்டிக்கொண்டே இரு. விண்டோஸ் வருவதற்கு முன்னால் வேறொரு திரை வரும், அதில் பிராசஸரின் சூடு எழுதியிருக்கும். காலையில் எழுந்ததும் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று பார்த்து எழுது. காலை எண்தான் எனக்கு முக்கியம். இரவு முழுக்க ப்ளக் இல்லாமல் கிடக்கும் பெட்டி, சமையலறையில் கவிழ்த்து வைத்த பாத்திரம் மாதிரி. அறை எவ்வளவோ அதுவும் அவ்வளவுதான். இந்த மழையில் போட்ட நொடியில் முப்பது, முப்பத்திரண்டு இருக்கலாம். அதற்கு மேலே காட்டினால், சூட்டை அளக்கிற சென்சார் பொய் சொல்கிறது என்று அர்த்தம். பெட்டி சூடே ஆகாமல், சூடு சூடு என்று தானே பயந்து அணைகிறது. அப்படியானால் அந்த சென்சார் இருக்கும் மதர்போர்டை மாற்றினால் போதும்.

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றாய். ஒன்று மட்டும். "என் புள்ளைய எரிச்சுடுவ போலிருக்கே" என்று மாமா முன்னால் நீ சொன்னாயே, அதில் எனக்குக் கோபம் இல்லை. அது நிஜமாக இருந்துவிடுமோ என்ற பயம். எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தும் என்ன தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றைக் குழந்தை தூங்கும் அறையில் வைத்துக்கொண்டு எப்படி அங்கே இருப்பது? அதனால்தான் போனேன்.

தம்பி


நவம்பர் 14

தம்பி,

நல்ல செய்தி. உன் சென்சார் பொய் சொல்கிறது.

நேற்று காலை 52. இன்று காலை 54. இரண்டு நாளும் மத்தியானம் 31தான். சாயங்காலம் 47க்குப் பக்கத்தில். ராத்திரி ப்ளக்கை நானே என் கையால் பிடுங்கினேன், பிடுங்கினேனா என்று எழுந்துபோய் மறுபடியும் பார்த்தேன். உன் கணக்குப்படி இது நடக்கவே முடியாது. ஆக, கோளாறு போர்டில்தான். பெட்டி பாவம், ஒன்றும் செய்யவில்லை. நல்ல போர்டாகப் பார்த்து அனுப்பிவிடு, மாட்டுவதை எழுது, மாட்டிவிடுகிறேன். இப்போது எனக்கு ஸ்க்ரூவெல்லாம் பழகிவிட்டது.

காலையில் பெட்டியைத் தொட்டும் பார்த்தேன். சுவரை ஒட்டிய பக்கத்துத் தகடு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. முந்தின நாள் வேலையின் மிச்சச் சூடாக இருக்கும்.

நீ கடைசியாக எழுதியதைப் படித்துவிட்டு பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நீ கோபித்துக்கொண்டு போனாய் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன். கோபம் என்றால் எனக்கும் பதில் கோபம் வைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. பயந்துகொண்டு போனாய் என்றால் நான் அதை எங்கே வைப்பது?

மனசு லேசாகத்தான் இருக்கிறது இன்று. பாப்பாவின் சளியும் குறைந்துவிட்டது. கட்டிலை மாற்றியதிலிருந்து நன்றாகத் தூங்குகிறாள். முதுகைப் பலகையோடு ஒட்டிக்கொண்டு, பூனைக்குட்டி மாதிரி. நடுவில் இழுத்துப் போட்டாலும் புரண்டு புரண்டு அங்கேயே போகிறாள். விடியற்காலையில் பக்கத்து வீட்டு டீச்சர் வீட்டில் குளிக்க ஆரம்பித்தால் குழாய்ச் சத்தம் சுவர் வழியாகக் கேட்கும், முன்பெல்லாம் அதற்கே எழுந்து உட்கார்ந்துவிடுவாள். இப்போது அசைவதில்லை. அந்த நேரத்தில்தான் இன்னும் ஆழமாகத் தூங்குகிறாள், கன்னமெல்லாம் சிவந்து, நெற்றியில் முத்து முத்தாக வியர்வையோடு. ஜுரமோ என்று, டியூட்டி முடிந்து வந்ததும் உன் மாமா தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். இல்லை. "நல்லா கதகதன்னு இடம் பாத்து வெச்சிருக்க" என்றார். இந்த ஒரு விஷயத்தையாவது சரியாகச் செய்திருக்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

நாளைக் காலையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

உன் அக்கா


நவம்பர் 15, காலை

அக்கா,

பாப்பாவைத் தூக்கு. மிச்சத்தை அப்புறம் படி.

தூக்கிவிட்டாயா? ஹாலுக்கு வந்து மெயினை இறக்கு. பெட்டியின் ப்ளக் போதாது, வீட்டு மெயின். பிறகு டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டு. வெந்நீர் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும், அதை முதலில் அணைக்கச் சொல், அவர்கள் மெயினையும் இறக்கச் சொல். சுவரில் தண்ணீர் ஊற்றாதே. பலகையை நீ பிரிக்காதே. ஆள் வரட்டும்.

போன் பண்ணிக்கொண்டே இருக்கிறேன். பாப்பாவுக்காகச் சத்தத்தை அணைத்து வைத்திருப்பாய். மாமா எடுக்கவில்லை. காலையில் எண்ணைப் பார்க்கப் பெட்டியைப் போடுவாய், அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

சென்சார் பொய் சொல்லவில்லை. பெட்டி சுவரைச் சூடாக்கவில்லை அக்கா. சுவர் பெட்டியைச் சூடாக்குகிறது.

தூக்கிவிட்டேன் என்று ஒரு வார்த்தை எழுது.


நவம்பர் 15, மாலை

தூக்கிவிட்டேன்.

காலையிலேயே எழுத வேண்டிய வார்த்தை, இப்போதுதான் விரல் ஓடுகிறது. மாமா உன்னிடம் பேசிவிட்டதாகச் சொன்னார். எனக்குப் போனைக் கொடுத்தார், கை பாப்பாவை விடவில்லை. மாடியில் ஹவுஸ் ஓனர் வீட்டில் இருக்கிறோம். பாப்பா மடியில் இருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் இல்லை, டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. கொஞ்சம் கீழே இறக்கிவிடச் சொல்கிறார்கள். முடியவில்லை.

காலையில் பெட்டியைப் போட்டேன். 58. சென்சாருக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்று உனக்கு எழுதுவதற்காக மெயிலைத் திறந்தேன். உன் கடிதம் வந்திருந்தது. முதல் வரியைப் படித்துவிட்டு, இவனுக்கு என்ன ஆச்சு என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். வழக்கம்போலப் பலகையோடு ஒட்டிப் படுத்திருந்தாள். அவளைத் தூக்கக் குனிந்தபோது ஊன்றிக்கொள்ளக் கையை மேலே, பலகையில் வைத்தேன்.

இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டால் இருக்குமே. அப்படி இருந்தது. அவள் தலைக்கு ஒரு முழம் மேலே.

எப்படித் தூக்கினேன், எப்படி மெயினை இறக்கினேன் என்று நினைவில்லை. டீச்சர் வீட்டுக் கதவை உதைத்தேன் என்று அவர்கள் சொல்கிறார்கள். தலையில் டவலோடு டீச்சர் வந்தார்.

"ஹீட்டர அணைங்க டீச்சர்."

"என்னம்மா இது, இன்னும் அவரு குளிக்கல..."

"அணைங்க. எங்க சுவரு எரியுது."

என் முகத்தைப் பார்த்தார். உள்ளே ஓடினார்.

எலக்ட்ரீஷியன் வருவதற்குள் மாமாவும் வந்துவிட்டார். "நீங்க குழந்தையோட வெளிய இருங்கம்மா" என்றார் எலக்ட்ரீஷியன். குழந்தையை டீச்சரிடம் கொடுத்துவிட்டு நான் உள்ளே வந்தேன். பார்க்காமல் இருக்க முடியாது எனக்கு. பலகையை நெம்பிப் பிரித்தார். வெளியே வெள்ளை பெயின்ட், பாப்பாவுக்காக நான் ஒட்டிய யானை ஸ்டிக்கர். உள்பக்கம் முழுக்கக் கரி. அடுப்புக் கரி மாதிரி வெடித்து வெடித்து. காற்று பட்டதும் அந்தக் கரியில் ஒரு ஓரம் மெதுவாகச் சிவந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எலக்ட்ரீஷியன் முன்கூட்டியே கொண்டுவரச் சொல்லியிருந்த மணல் வாளியை மாமாதான் கவிழ்த்தார்.

டீச்சர் வீட்டு பாத்ரூமில் சுவரை உடைக்காமல் வேலை முடிப்பதற்காக ஹீட்டர் வயரை யாரோ எங்கள் பக்கமாகக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். "நடுவுல வயர் பத்தல. இன்னொரு துண்ட முறுக்கி, டேப்பச் சுத்தி விட்டுட்டான். அது மேல பலகைய அடிச்சு மூடியாச்சு, யாரு பாக்கப் போறா" என்றார் எலக்ட்ரீஷியன்.

"ஃபியூஸ் போகாதா?" என்று மாமா கேட்டார்.

"எதுக்கு சார் போகும்? கரண்ட்டு சரியாத்தான் போகுது. முறுக்கு தளந்து அந்த எடம் மட்டும் காயுது. ஹீட்டர் போட்டா காயும், அணைச்சா ஆறும். மழைக்காலம் வேற, வீட்ல எல்லாரும் வெந்நீர்தான்."

"இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும்?"

அவர் கரியைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். "கேக்காதீங்க சார்" என்றார்.

தம்பி, மெத்தை உறையின் அந்த ஓரத்தில் தேநீர் சிந்தின மாதிரி ஒரு கறை இருந்தது. பால் கறை என்று நினைத்துத் துவைத்துக்கொண்டே இருந்தேன். போகவில்லை என்று சோப்பை மாற்றினேன். அது பலகை இடுக்கு வழியாகக் கசிந்த புகைக் கறையாம்.

அவள் ஏன் புரண்டு புரண்டு அங்கேயே போனாள் என்று இப்போது யாரும் என்னிடம் சொல்ல வேண்டியதில்லை. நானும் அவளை அங்கேயே விட்டுவைத்தேன். கதகதப்பாக இருக்கிறது என்று.


நவம்பர் 16

அக்கா,

நேற்றிலிருந்து நான் சரியாக இல்லை. கடையில் ஒருவருக்கு இன்னொருவர் பில்லைக் கொடுத்துவிட்டேன். முதலாளி, "வீட்டுக்குப் போப்பா, மொகமே சரியில்ல" என்றார். அறைக்கு வந்து படுத்தால், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை.

உன் பதினாலாம் தேதிக் கடிதத்தை நேற்றுக் காலையில் பஸ்ஸில்தான் படித்தேன். எண்களைப் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நீ நினைத்த மாதிரிதான் நானும் நினைத்தேன், அந்த மாடல் போர்டு எங்கே கிடைக்கும் என்று. அந்த மிச்சச் சூடுகூட உறுத்தவில்லை. பாப்பா தூங்குவதைப் பற்றி எழுதியிருந்தாயே, அதை ஆசையாகப் படித்தேன். விடியற்காலை, டீச்சர் வீட்டுக் குழாய், நெற்றியில் வியர்வை. அந்த இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன், அவர்கள் வெந்நீர் போடும் நேரமும் உன் எண்கள் ஏறும் நேரமும் ஒன்றுதான். கண்டக்டர், "ஸ்டாப் இன்னும் வரல தம்பி, உக்காரு" என்றார். உட்காரவே இல்லை.

இரண்டு விஷயம் என்னை விட மாட்டேன் என்கிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஒரு சாண் விலக்கி வை என்று எழுதினேன். நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெட்டிக்குச் சுவர்ச் சூடு பட்டிருக்காது. ஆறியிருக்கும், அணையாமல் ஓடியிருக்கும். சரியாகிவிட்டது என்று எனக்கு எழுதியிருப்பாய். நானும், பரவாயில்லை, ஒரு பெட்டியையாவது சரியாகப் பார்த்தேன் என்று சந்தோஷப்பட்டிருப்பேன். பாப்பா அங்கேயே தூங்கியிருப்பாள். நான் சொன்னது சரியான வைத்தியம் அக்கா. எந்தக் கடையில் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

இன்னொன்று. செப்டம்பரில் நீ என்னைத் திட்டிய அன்று, நீ அறையைவிட்டுப் போன பிறகு, பெட்டியை இழுத்து அதன் பின்னால் கையை விட்டேன். சுவர் சூடாக இருந்தது. என் கை அதில் இருந்தது. இந்தப் பெட்டி சுவரையே இப்படிக் காய்ச்சிவிட்டதே, அக்கா சொல்வது சரிதான், நான் செய்தது ஆபத்தான பொருள்தான் என்று நினைத்துக்கொண்டு கையை எடுத்தேன். அப்போது பெட்டி அணைந்து கிடந்தது. அது எனக்கு உறைக்கவே இல்லை. அன்றைக்கே பையைக் கட்டினேன்.

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

தம்பி


நவம்பர் 23

தம்பி,

கையைப் பார்ப்பதை நிறுத்து. நீ ஒரு தடவை வைத்த கை அது. நான் என் பிள்ளையையே கொண்டுபோய் வைத்தேன். இதில் யார் அதிகம் என்று நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பங்கு போட ஆரம்பித்தால் விடியாது. உன் மாமா தன் பங்குக்கு, "தெர்மாமீட்டர குழந்தைக்கு வெச்சேனே, அத அப்படியே பக்கத்துல சுவத்துக்கு வெச்சிருக்கலாம்" என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பகல் டியூட்டி மாற்றிக் கேட்டிருக்கிறார்.

வயரெல்லாம் புதிதாக இழுத்தாகிவிட்டது. பலகை இல்லை, வெறும் சுவர்தான், சிமென்ட் பூச்சு இன்னும் காயவில்லை. ஹவுஸ் ஓனர் முதலில், "பாக்க அழகா இருக்கும்னு தானேம்மா அடிச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கழற்றிய பலகையைத் திருப்பிக் காட்டினோம். டீச்சர் எதிரில் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்கிறார். அவர்கள் வீட்டில் இப்போது அடுப்பில்தான் வெந்நீர்.

படங்களை நேற்று கொடுத்தேன், இரண்டு நாள் தாமதம். காரணம் கேட்டார்கள், சுவர் எரிந்தது என்றேன். உன் பெட்டி இப்போது ஹாலில் இருக்கிறது. காலையில் 29. ஒரு தடவைகூட அணையவில்லை. மேலே இருக்கும் ஃபேன் மட்டும் லேசாகக் கடகடக்கிறது. எப்படிச் சரிசெய்வது என்று எழுதி அனுப்பிவிடாதே. அனுப்பினால் படிக்க மாட்டேன். வந்து பார்.

மாமா பஸ் ஸ்டாண்டுக்கு வருவார். "வர்றப்ப என்ன சொல்றதுன்னு ரிகர்சல் பண்ணிட்டு வர வேணாம்னு சொல்லு" என்றார். உனக்குத்தான் சொன்னார், எனக்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்த அறைக்குள் நுழைந்தாலும் கை தானாகச் சுவருக்குப் போகிறது. டாக்டர் வீட்டில், மாடிப்படியில், ஆபீஸ் லிஃப்டில்கூட. தொட்டுப் பார்த்து, சில்லென்று இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டால்தான் மூச்சு வருகிறது. நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்கிறார்கள்.

இன்று காலையில் பாப்பா ஹாலில் தவழ்ந்து போய், சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். பிடித்த கையை விரித்து, உள்ளங்கையைச் சுவரில் பதித்து வைத்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். விழாமல் இருக்கப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்து, வாடி செல்லம் என்று கையை நீட்டினேன். வரவில்லை. அழவும் இல்லை. கையைச் சுவரில் அப்படியே வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"சில்லுன்னு இருக்கும்மா" என்றேன். அதன்பிறகுதான் கையை எடுத்தாள்.

உன் அக்கா